பிசிறு பிடிக்கும் பை

ஓடுகிற ஆற்றில் துணி துவைத்தவர்களுக்கு வடிகட்டி என்ற ஒரு கருவியைப் பற்றி நினைக்க வேண்டிய அவசியம் ஒருநாளும் நேர்ந்ததில்லை. கல்லில் அறைந்த வேட்டியிலிருந்து பிரியும் நூற்பிசிறும், கசக்கிய துண்டிலிருந்து உதிரும் பஞ்சுத் துகளும், அழுக்கோடும் சவுக்கார நுரையோடும் கலந்து அந்தக் கணமே பிரவாகத்தில் போய்விடும். அலசுகிற துணியின்மேல் படுவது எப்போதும் புது ஜலம். இவ்வளவு பெரிய சௌகரியத்தை, நீரைத் தொட்டிக்குள் அடைத்து அதற்குள்ளேயே துணியைச் சுழற்றத் தொடங்கிய நாளில் மனிதன் இழந்தான். அடைபட்ட நீரில் துணி விட்ட பிசிறு வேறெங்கும் போக வழியின்றி மறுபடியும் துணியிலேயே வந்து ஒட்டிக்கொள்கிறது. இழந்துபோன அந்த ஓட்டத்தைத் தொட்டிக்குள்ளேயே செயற்கையாக உண்டாக்கி, அதன் வழியில் ஒரு வலையை வைத்துப் பிசிறைப் பிடிப்பது எப்படி என்று யந்திர நிபுணர்கள் செய்துவந்த யோசனைகளின் சரித்திரமே, மேல்மூடியைத் திறந்து துணி போடுகிற பழைய சலவை யந்திரங்களில் காணப்படும் பஞ்சு வடிகட்டியின் சரித்திரம்.

இந்தச் சரித்திரத்தைப் பழுப்பு நிலக்கரிச் சுரங்க நகரமாகிய நெய்வேலியோடு சேர்த்துப் பார்ப்பதற்கு ஒரு விசேஷ நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்கள் தண்ணீர் கிடைத்த இடத்தில் தோன்றின. நெய்வேலியோ தண்ணீரின் தொல்லையை வென்ற பிறகே தோன்ற முடிந்த ஊர். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் அங்கே தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்பான ஒரு பொருள் வெளிப்பட்டதும், அது பழுப்பு நிலக்கரி என்று பின்னர் தெரியவந்ததும், 1940களில் மண்ணியல் ஆய்வுத் துறையினர் அவ்வட்டாரத்தில் துளையிட்டுப் பார்த்ததும், காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் மத்திய சர்க்கார் அத்திட்டத்தை ஏற்று 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவு செய்யப்பெற்றதும், 1957 மே 20-இல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்ததும் பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவாசிகள் நன்கு அறிந்த விருத்தாந்தங்கள். ஆனால் மண்ணைத் தோண்டத் தொடங்கியவர்களுக்கு எதிர்ப்பட்ட பெரிய சத்துரு மண் அன்று. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு தேங்கிக் கிடந்த ஊற்று நீர்.

சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்த அந்நீரை அப்படியே விட்டுவைத்து, மேலே பாரமாக இருக்கும் மண்ணை மட்டும் அகற்றிவிட்டால், சுரங்கத்தின் தளமே பிளந்து நீர் பொங்கிவிடும். ஆகையால் சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகளை இட்டு, இரவு பகல் என்று பாராமல் மோட்டார்களை ஓட்டி, நீரின் அழுத்தத்தைத் தாழ்த்திக்கொண்டே நிலக்கரியை எடுக்க வேண்டியதாயிற்று. 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் சோவியத் நாட்டு உதவியோடு நிர்மாணிக்கப்பட்ட அனல்மின் நிலையத்தின் முதல் யந்திரம் ஓடத் தொடங்கியது. இறைத்த நீரில் ஒரு பகுதி மின்நிலையத்துக்கும், ஒரு பகுதி நகரியத்துக் குழாய்களுக்கும் போக, சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர் பரவனாற்றின் வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சென்று வயல்களுக்குப் பாய்ந்தது.

இவ்விதம் நீர்வளத்துக்கு நடுவே, வட்டம் வட்டமாகப் பிரித்து, அகலமான சாலைகளும் நிழல் மரங்களும் ஒரே மாதிரியான குடியிருப்புகளுமாக அமைக்கப்பட்ட நகரியத்தில் வந்து சேர்ந்த குடும்பங்கள் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்தவை. அவர்களுடைய பூர்வீக ஊர்களில் துணி வெளுப்பது ஒரு வழிவழித் தொழில். சலவைத் தொழிலாளர் வீடுவீடாக வந்து துணி எடுத்து, சேங்கொட்டை மையால் குடும்பத்துக்கொரு குறியிட்டு, உவர்மண் கரைத்த நீரில் ஊறவைத்து, வெள்ளாவியில் அடுக்கி ஆவியேற்றி, மறுநாள் ஆற்றிலோ ஏரிக்கரையிலோ கல்லில் அடித்து அலசி, வெயிலில் விரித்து உலர்த்திக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் காலத்தில் ஏற்றுமதித் துணிகளை வெளுப்பதற்கென்றே குடியேற்றப்பட்டவர்களின் பெயரால் சென்னையில் வண்ணாரப்பேட்டை என்று ஒரு பேட்டையே ஏற்பட்டது என்றால், அத்தொழிலின் கௌரவமும் விஸ்தாரமும் எத்தகையன என்பதை ஊகிக்கலாம். அம்முறையில் துணி தேயாமல் இருந்ததில்லை. கல் அடியில் அது நன்றாகவே தேய்ந்தது. தேய்ந்ததற்குச் சாட்சியாகிய பிசிறை மட்டும் ஆறு கொண்டுபோய்விட்டது.

நகரியத்துக்கு வந்த பிறகு, பின்கட்டில் ஒரு துவைகல்லும் தலைக்குமேல் ஒரு குழாயும் இருந்தவரை, இந்த நிலைமை பெரிதும் மாறவில்லை. ஆற்றுக்குப் பதில் குழாய் ஓடியது, அவ்வளவே. மாறுதல் வாளியிலிருந்து வந்தது. 1959-இல் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியார் சர்ப் என்னும் சலவைத்தூளை இந்தியக் கடைகளில் இறக்கியதும், அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின் குஜராத்தில் கர்சன்பாய் பட்டேல் நிர்மாவைக் குறைந்த விலைக்குக் கொடுக்கத் தொடங்கியதும், கட்டிச் சவுக்காரத்தைத் துணியில் தேய்க்கும் பழக்கம் தளர்ந்து, தூளைக் கரைத்த நீரில் துணிகளை ஒன்றாகப் போட்டு ஊறவைக்கும் பழக்கம் வீடுகளில் நிலைபெற்றது. அடைபட்ட நீரில் பலவகைத் துணிகள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பது என்ற புதிய சம்பிரதாயம் இங்கே யந்திரம் வருவதற்கு முன்பே, பிளாஸ்டிக் வாளியோடு வந்துவிட்டது என்பதே உண்மை.

அதே காலத்தில் துணியும் மாறிற்று. 1941-இல் இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்ஸன் என்னும் இரு ரசாயன விஞ்ஞானிகள் கண்டுபிடித்த இழை டெரிலின் என்ற பெயரில் பரவி, 1960களிலும் 70களிலும் டெரிகாட்டன் கால்சட்டையாகத் தமிழ்நாட்டு உத்தியோகஸ்தரின் இடுப்பில் ஏறியது. கருநீலக் கால்சட்டையைப் புதுப் பூத்துவாலையோடு ஒரே வாளியில் ஊறவைத்தவர் அதன் பலனை உலர்ந்த பிறகு கண்டார்: கருநீலத்தின்மேல் வெள்ளைப் பிசிறு பனிபோல் படிந்திருந்தது. வெள்ளை வேட்டிமேல் வெள்ளைப் பஞ்சு படிந்தால் யாருக்கும் தெரியாது. கறுத்த செயற்கை இழைத் துணியிலோ, உலரும்போது ஏற்படும் மின்னேற்றமும் சேர்ந்துகொண்டு, ஒட்டிய பிசிறு உதறினாலும் போகாது.

பிசிறு என்பது என்ன என்று சற்று நின்று பார்ப்பது நல்லது. பருத்தி நூல் ஒரே நீளமான இழை அன்று. 20 முதல் 35 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள பல்லாயிரம் நார்களை முறுக்கி ஒன்றாக்கியது. முறுக்குக்குள் அடங்காத நார்முனைகள் நூலின் மேற்புறம் எங்கும் மயிர்க்கால்களைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும். நீரில் நனையும்போது பருத்தி பலவீனப்படுவதில்லை. அதன் வலிமை சற்றுக் கூடவே செய்கிறது. ஆயினும் நார் உப்பி, முறுக்கின் பிடி இளகி, துணியோடு துணி உராயும்போது, அரைகுறையாக மாட்டிக்கொண்டிருந்த குட்டை நார்கள் கழன்று நீரில் மிதக்கத் தொடங்குகின்றன. பட்டு இழை தொடர்ச்சியானது ஆகையால் அவ்வளவாக உதிர்வதில்லை. புது லுங்கியும், சுருள் சுருளாக நூல் எழும்பி நிற்கும் பூத்துவாலையும்தான் முதல் சில சலவைகளில் மிகுதியாக உதிர்க்கின்றன. ஒவ்வொரு நாரின் கனமும் ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. இத்தகைய நுண்பொருளைப் பிடிப்பதே வடிகட்டியின் தர்மம்.

மின்சாரத்தால் தானே துவைத்துத் தானே அலசும் வீட்டுச் சலவை யந்திரத்தை 1937-இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் கம்பெனியார் கொண்டுவந்தனர். அது முன்பக்கம் கதவுள்ளது. துணியைத் தூக்கித் தூக்கி விழச் செய்வது. யுத்தம் முடிந்ததும் 1947-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியும், பின்னாளில் வேர்ல்பூல் என்று பெயர் மாறிய நைன்டீன் ஹண்ட்ரட் கார்ப்பொரேஷனும் மேல்மூடி யந்திரங்களை வெளியிட்டன. இவற்றின் தொட்டிக்கு நடுவில் அஜிடேட்டர் என்னும் செங்குத்தான தண்டு, தயிர் கடையும் மத்தைப் போல வலமும் இடமுமாக மாறி மாறித் திரும்பி, தொட்டி நிறைய இருக்கும் நீரையும் துணியையும் கலக்கும். துவைப்பு பலமானது, உராய்வும் பலமானது, ஆகவே பிசிறும் ஏராளம். அமெரிக்க இல்லத்தரசிகளின் முறையீட்டுக்குச் செவிசாய்த்த கம்பெனிகள் 1950களில் வடிகட்டியை ஒரு பெரிய விற்பனைச் சிறப்பாகவே விளம்பரம் செய்யலாயின.

அவற்றுள் எளிமையும் அழகும் ஒருங்கே அமைந்தது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் பில்டர்-ப்ளோ என்னும் ஏற்பாடு. அதன் பம்புக்கு இரண்டு அறைகள். மோட்டார் ஒரு திசையில் ஓடித் துணியைக் கலக்குகையில், பம்பின் ஓர் அறை தொட்டியின் அடியிலிருந்து நீரை உறிஞ்சி, ஒரு ரப்பர்க் குழாய் வழியாக மேலே ஏற்றி, தொட்டியின் விளிம்பிலுள்ள மூக்கிலிருந்து கொட்டச் செய்யும். கொட்டுகிற நீர் அஜிடேட்டரின் தலையில் தொப்பி வைத்தாற்போல் பொருந்தியிருக்கும் அகலமான ஒரு தட்டில் விழும். தட்டின் அடியெங்கும் நுண்ணிய துளைகள். நீர் துளை வழியே மழையாக இறங்கித் தொட்டிக்குத் திரும்பும்; பிசிறு தட்டிலேயே தங்கும். மோட்டார் திசைமாறித் தொட்டியைச் சுழற்றிப் பிழியும்போது பம்பின் மற்ற அறை அழுக்கு நீரை வெளியே தள்ளும். சலவை முடிந்ததும் தட்டைக் கையால் தூக்கி, பிசிறை வழித்து எறிந்துவிட்டு, மறுபடி வைத்தால் வேலை முடிந்தது. வடிகட்டி கண்ணெதிரே இருக்கிறது. நீர் ஓடுகிறதா இல்லையா என்பது மூடியைத் திறந்தால் தெரிகிறது. சுத்தம் செய்ய மறந்தால் தட்டே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்த அமைப்பு 1990களின் நடு வரை அதிக மாறுதலின்றி உற்பத்தியில் இருந்தது என்பதே அதன் நற்குணத்துக்கு அத்தாட்சி.

வேர்ல்பூல் வழிவந்த யந்திரங்கள் வேறொரு மார்க்கத்தை நாடின. முதலில் தொட்டியின் மேல்விளிம்பில் செருகி எடுக்கக்கூடிய வடிகட்டியை வைத்து, கையால் சுத்தம் செய்யச் சொன்னவர்கள், பின்னர் அந்த வேலையையும் யந்திரத்திடமே ஒப்படைத்தார்கள். துவைக்கும்போது ஒரு பக்கமாக ஓடும் நீர் வடிகட்டியில் பிசிறை விட்டுச் செல்லும். வடிக்கும்போது எதிர்ப்பக்கமாக ஓடும் நீர் அதே பிசிறை வாரிக்கொண்டு சாக்கடைக்குப் போகும். தானே சுத்தமாகும் வடிகட்டி என்று இதனைக் கொண்டாடினார்கள். உபயோகிப்பவருக்கு இது பெரிய சௌகரியம். ஆனால் பிசிறு இங்கே பிடிக்கப்படவில்லை, சற்று நேரம் தடுத்து நிறுத்தி அனுப்பிவைக்கப்பட்டது என்பதை மறக்கலாகாது.

ஜப்பானில் இந்தச் சரித்திரம் மற்றொரு திருப்பம் கொண்டது. ஹூவர் கம்பெனி 1948-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட சிறிய யந்திரத்தில், நடுத்தண்டு கிடையாது. தொட்டிச் சுவரில் பொருத்திய ஒரு விசிறித் தட்டு சுழன்று நீரைச் சுழிக்கச் செய்யும். அதைக் கண்டு படித்த சான்யோ கம்பெனியார் 1953-இல் அதே தத்துவத்தில் ஒரு யந்திரத்தைச் செய்து, முந்தியவற்றைவிடக் குறைந்த விலைக்கு விற்றனர். 1960-இல் துவைக்க ஒரு தொட்டியும் பிழிய ஒரு தொட்டியுமாக இரட்டைத் தொட்டி யந்திரமும் ஜப்பானியரின் வீட்டுக்கு வந்தது. நீர்ச்சுழியில் துணிகள் ஒன்றையொன்று உராய்ந்து சுழன்றதால் பிசிறுப் பிரச்சினை அங்கும் தலையெடுத்தது.

அதற்கு விடை கண்டவர் யந்திர நிபுணர் அல்லர். சஸனுமா கிமிகா என்னும் இல்லத்தரசி. சுழலும் நீரின் மேற்பரப்பில் பிசிறு திரண்டு மிதப்பதைக் கவனித்த அவர், இளம்பிராயத்தில் தும்பி பிடித்த வலையை நினைத்துக்கொண்டு, சிறிய வலைப்பை ஒன்றைத் தைத்துத் தொட்டிச் சுவரில் ஒட்டவைத்தார். நீர் சுழன்று வரும்போதெல்லாம் பையின் வாய்க்குள் புகுந்து வலை வழியே வெளியேற, பிசிறு உள்ளே சிக்கியது. மோட்டாரும் வேண்டாம், பம்பும் வேண்டாம். இருக்கிற நீரோட்டத்தையே வேலைக்காரனாக்கிக்கொண்ட உபாயம். 1960களின் இறுதியில் தோன்றிய இந்த யோசனை வியாபாரப் பொருளாகிப் பிரசித்தி பெற்றது. வலைப்பை என்பது ஜப்பானிய மேல்மூடி யந்திரங்களின் நிரந்தர அங்கமாகவே ஆகிவிட்டது.

யந்திரத்தோடு பிறந்த வலைப்பையில் இன்னொரு சூட்சுமமும் சேர்ந்தது. இந்த யந்திரங்களில் தொட்டியின் அடியில் சுழலும் பல்சேட்டர் என்னும் விசிறித் தட்டின் மேல்முகத்திலுள்ள மேடுகள் துணியைச் சுழற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அடிமுகத்திலோ சிறு சிறு இறகுகள் உண்டு. தட்டு சுழல, அவ்விறகுகள் அடியில் புகுந்த நீரைச் சுழற்றி வெளிப்புறமாக வீச, அந்நீர் தொட்டிச் சுவரில் மறைவாக அமைந்த ஒரு குறுகிய வாய்க்கால் வழியே மேலேறி, நீர்மட்டத்துக்கு அருகிலுள்ள வாயிலிருந்து வலைப்பைக்குள் கொட்டுகிறது. துவைக்கும் தட்டே பம்பாகவும் வேலை செய்கிறது. ஒரே சுற்றில் எல்லாப் பிசிறையும் பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சலவை நடக்கும் நேரமெல்லாம் அதே நீர் திரும்பத் திரும்ப அந்த வாய்க்காலில் ஏறி இறங்குவதால், முதற்சுற்றில் தப்பியது அடுத்தடுத்த சுற்றில் அகப்படுகிறது.

இந்திய வீடுகளில் இவ்வகை யந்திரங்கள் பெருந்தொகையாகப் புகுந்தது 1980களின் பிற்பகுதியில். ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு வீடியோகான், பி.பி.எல். போன்ற கம்பெனிகளின் இரட்டைத் தொட்டி யந்திரங்கள், தொலைக்காட்சி விளம்பரங்களின் துணையோடு நடுத்தரக் குடும்பங்களை வந்தடைந்தன. நெய்வேலிக்கு அருகிலேயே, புதுச்சேரியில், டி.வி.எஸ். குழுமமும் அமெரிக்க வேர்ல்பூல் கம்பெனியும் கூட்டாக ஒரு தொழிற்சாலை அமைத்து, தாமே இயங்கும் சலவை யந்திரங்களைச் செய்யத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். ஆக, ஜப்பானிய வலைப்பை, அமெரிக்க அஜிடேட்டர் ஆகிய இரு மரபுகளும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தென்னார்க்காட்டு வாசலில் வந்து நின்றன. சந்தையில் முந்திக்கொண்டது இரட்டைத் தொட்டியே. விலை குறைவு என்பது ஒரு காரணம்; துவைத்த நீரை உடனே கொட்டிவிடாமல் அதிலேயே இரண்டாம் தவணைத் துணியையும் துவைக்கலாம் என்பது மற்றொன்று; எப்போது அலசுவது, எத்தனை தடவை அலசுவது என்பதை வீட்டுக்காரரே தீர்மானிக்கலாம் என்பது மூன்றாவது. மற்ற ஊர்களில் தண்ணீருக்குக் காத்திருந்த குடும்பங்களுக்கு இவை சாமானிய சௌகரியங்கள் அல்ல.

நெய்வேலி நகரியத்தில் மாதச் சம்பளமும் மின்சாரமும் குழாய்நீரும் ஒருங்கே கிடைத்தமையால், யந்திரம் வந்து நிற்பதற்கு இடையூறு எதுவும் இல்லை. ஆனால் அது சந்தித்த துணி சற்று விசேஷமானது. சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே மூடியிருப்பது கடலூர் மணற்கல். ஜெர்மனியிலிருந்து வந்த பிரம்மாண்டமான வாளிச்சக்கர யந்திரங்களின் பற்களையே தேய்த்துவிடக்கூடிய கரடுமுரடான மண் அது. அதற்கடியில் எடையில் ஏறக்குறைய பாதி நீராகவே உள்ள பழுப்பு நிலக்கரி, உலர்ந்ததும் பொடியாகிப் பறக்கும். இந்த மண்ணும் பொடியும் ஏறிய சட்டையைத் துவைக்கும்போது வலைப்பையை நம்பிப் பிரயோஜனமில்லை. மணல் கனமானது, மிதந்து வந்து பையில் விழாமல் பல்சேட்டரின் அடியில் போய்ப் படிகிறது. நிலக்கரிப் பொடியோ வலைக்கண்ணைவிட நுண்ணியது. தடையின்றி ஊடுருவிப் போகிறது. மிதப்பதும் நீளமானதுமாகிய நாரைப் பிடிக்கவே இந்தக் கருவி பிறந்தது. அத்தகைய சட்டைகளை முதலில் உதறி, தனியே ஒரு முறை குழாயடியில் அலசி, அதற்குப் பின்னரே யந்திரத்தில் போடுவது விவேகம். இல்லாவிடில் மணல் தட்டின் அடியில் அரைபட்டு, துணியையும் தேய்த்து, அச்சின் ரப்பர் அடைப்பையும் தின்றுவிடும்.

சலவை முடிந்த யந்திரத்திலிருந்து பையைக் கழற்றிப் பார்த்தால் அதன் வேலைத்திறன் விளங்கும். பிளாஸ்டிக் சட்டம் ஒன்று, அதில் தைத்த விரலளவு ஆழமுள்ள நைலான் வலை, சுவரிலுள்ள காடியில் மாட்டும் இரண்டு கொக்கிகள்: இவ்வளவே கருவி. உள்ளே கையை விட்டால் ஈரக் கம்பளித்துண்டு போல ஒன்று வழுவழுப்பாகக் கையில் வரும். அதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தால், பெரும்பாகம் சாம்பல் நிறம், நடுவே புதுச் சிவப்புத் துண்டு விட்ட சிவப்பு நார், ஒன்றிரண்டு தலைமயிர், சட்டைப்பையில் மறந்துபோன பஸ் டிக்கெட்டின் கூழ். துணிகள் பல நிறமாயிருக்கப் பிசிறு ஏன் சாம்பல் நிறமாகிறது என்றால், எல்லா நிற நார்களும் சிறுசிறு அளவில் கலந்து, அழுக்கும் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் அவற்றின்மேல் படிவதனால்தான். சவுக்காரம் உபயோகித்தால் உவர்நீரோடு அது சேர்ந்து உண்டாகும் பிசுபிசுப்பான ஏடு, பிசிறைப் பசைபோல் பையில் ஒட்டிவிடும். சலவைத்தூளில் அத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

வலையின் கண் எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டும் என்ற கேள்வியில்தான் இக்கருவியின் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கண் பெரிதானால் பிசிறு தப்பும். சிறிதானால் நீர் தடைபடும். நாரின் கனத்தைவிடக் கண் பன்மடங்கு பெரிதாயிருந்தும் நார் அகப்படுவதற்குக் காரணம், அது நீளமாயிருப்பதும், நீரில் குறுக்காகப் புரண்டு வருவதுமே. முதலில் குறுக்கே விழுந்த சில நார்கள், பின்வரும் குட்டை நார்களைத் தடுக்கும் இரண்டாவது வலையாகின்றன. அவற்றின்மேல் படிபவை மூன்றாவதாகின்றன. ஆகையால் முற்றிலும் சுத்தமான வலையைவிடச் சற்றே பஞ்சு படிந்த வலை நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் இந்த நற்குணமே ஓர் எல்லைக்குமேல் தோஷமாகிறது. பிசிறுப் படலம் தடித்ததும் நீர் வலை வழியே போக மாட்டாமல் பையின் வாய்க்கு மேலே வழிந்து தொட்டிக்குத் திரும்பும். அதோடு, பிடித்திருந்ததில் கொஞ்சமும் மீண்டு போகும். பை நிரம்பியிருப்பதை யந்திரம் மணியடித்துச் சொல்வதில்லை. கறுப்புக் கால்சட்டைதான் சொல்லும். சலவைத்தூளை அளவுக்கு மீறிப் போட்டு நுரை பொங்கினாலும் இதே கதி. நுரையின்மேல் ஏறிக்கொண்ட பிசிறு பையை எட்டாமல் மேலேயே மிதந்து, நீர் வடிகையில் துணியின்மேல் இறங்கிவிடுகிறது. வலை ஓரத்தில் கிழிந்தால், நீருக்குத் தடை குறைந்த வழி அதுவே ஆகையால், சிறு கிழிசலே பையை வெறும் அலங்காரமாக்கிவிடும்.

இவ்வளவும் துணியின் நலத்தை உத்தேசித்த கதை. துணியை விட்டு நீங்கிய பிசிறு சாக்கடைக்குப் போன பிறகு என்ன ஆயிற்று என்று கம்பெனிகளும் கேட்கவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. பருத்தி நார் போகிற இடத்தில் மக்கிவிடும் என்பதால், கேளாமலிருந்ததில் பெரிய குற்றமும் இல்லை. டெரிலின் இனமாகிய பாலியஸ்டர் அப்படி மக்குவதில்லை. 2011-இல் மார்க் பிரௌன் என்னும் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் பல கண்டங்களின் கடற்கரை மணலை ஆராய்ந்து, எங்கும் நுண்ணிய செயற்கை நார்கள் இருப்பதைக் கண்டு, அவை சலவை நீரில் வரும் நார்களை ஒத்திருப்பதைக் காட்டினார்கள். ஒரே ஆடையிலிருந்து ஒரு சலவையில் 1,900-க்கும் மேற்பட்ட நார்கள் உதிரக்கூடும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. பிரான்சு தேசம் 2020-இல் இயற்றிய சட்டம் ஒன்று, 2025 முதல் புதிய சலவை யந்திரங்களில் நுண்ணிழை வடிகட்டி இருக்க வேண்டும் என்று விதித்தது. அந்த வடிகட்டியின் ஸ்தானம் தொட்டிக்குள் அன்று; நீர் வெளியேறும் வாயில். துணியைக் காப்பதற்காகப் பிறந்த கருவி, துணியை விட்டு வந்த நீரைக் காப்பதற்காக இடம் மாறுகிறது.

உற்பத்தியாகும் இடத்தில் பிடிக்காததைப் போய்ச்சேரும் இடத்தில் வாரவேண்டிவரும் என்பதை நெய்வேலி வட்டாரத்துக்கு வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை. சுரங்க நீர் வயல்களுக்கு உபகாரமாய்ப் பாய்ந்ததோடு, தன்னுடன் மண்ணையும் நிலக்கரித் துகளையும் கொண்டுபோய்ச் சேர்த்ததனால், வாலாஜா ஏரி வண்டலேறித் தூர்ந்துபோயிற்று. 2010களில் நிலக்கரிக் கழகத்தின் செலவில் அதைத் தூர்வாரிய பிறகே மறுபடி அதில் நீர் நின்றது. ஓர் ஏரி அளவில் நடந்ததை அகற்ற மண்வெட்டி யந்திரங்கள் போதுமாயிருந்தன. கண்ணுக்குத் தெரியாத நார் கடலில் படிந்தால் அதை வாருவதற்கு யந்திரம் இல்லை.

இந்தச் சரித்திரத்திலிருந்து வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டென்றால் அது மிகச் சிறியது. பழைய இரட்டைத் தொட்டி யந்திரத்தின் வலைப்பையைப் பெரும்பாலோர் குழாயடியில் கவிழ்த்து, நீரைப் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். அரைமணி நேரம் பாடுபட்டு யந்திரம் பிடித்துத் தந்ததெல்லாம் அரை நிமிஷத்தில் சாக்கடைக்குப் போய்விடுகிறது. அப்படிக் கழுவினால், தானே சுத்தமாகும் வடிகட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பையை உள்வெளியாகத் திருப்பி வெயிலில் வைத்தால் பிசிறு உலர்ந்து ஏடாகக் கழன்றுவரும். அதைக் கையால் உரித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, வலையில் கிழிசல் இருக்கிறதா என்று ஒரு முறை வெளிச்சத்தில் பார்த்து மாட்டினால், சட்டம் வராத தேசத்திலும் சட்டம் கோருகிற காரியத்தில் ஒரு பங்கு நிறைவேறிவிடும்.